கல்லும் கொப்பும் ஒரு எல்இடி விளக்கும்

போன வருஷம் பங்குனி உத்திரத்துக்கு முந்தின நாள் ராத்திரி. சென்னையில காலையில கிளம்பி, வழியில ரெண்டு எடத்துல நிறுத்தி, கோவில்பட்டி வந்து சேரும்போது மணி பத்தே முக்கால். இனி கழுகுமலைக்கு இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். "வந்துட்டேன், தோசைக்கல்லைப் போடு"ன்னு அம்மாவுக்குப் போன் பண்ணிட்டு (வண்டிய நிறுத்திட்டுத்தான்!) ஊர் ரோட்டுல திரும்பினேன். கொஞ்ச தூரத்துல டேஷ்போர்டுல பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிஞ்சது. ஆல்டர்னேட்டர் பெல்ட் அறுந்துருக்குன்னு அப்புறம்தான் தெரிஞ்சது. அப்போதைக்கு, "இன்னும் பத்து கிலோமீட்டர்தானே"ன்னு ஓட்டினேன். படிச்சது இன்ஜினியரிங். ஹி ஹி.

ஹெட்லைட் மங்கிச்சு, ஸ்டியரிங் கல்லாட்டம் இறுகிச்சு, வண்டி நின்னுடுச்சு. நின்னது தார் ரோடு மேலயே.

எங்க ஊர் ரோடு தெரியாதவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். "ஓரமா தள்ளி நிறுத்த வேண்டியதுதானே"ன்னு ஈஸியா கேட்டுடுவாங்க. தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் நடுவுல பல எடத்துல அரை அடி பள்ளம். ஐப்பசி, கார்த்திகையில மழை பேஞ்சா கரிசல் மண்ணுல எறக்கின வண்டி அப்படியே பதிஞ்சுடும், டயர் நாலும் சக்கரம் மாதிரி இல்லாம களிமண் உருண்டை மாதிரி ஆயிடும். அதனால இங்க பழுதான வண்டி எதுவும் கீழ எறங்காது. லாரி, டிராக்டர், ஆம்னி வேன் எல்லாமே தார் மேலதான் நிக்கும். பின்னாடி வர்றவன் பாடுதான் திண்டாட்டம்.

ஹசார்ட் லைட்டைப் போட்டேன். ரெண்டு நிமிஷம் மினுக்கிட்டு அதுவும் அணைஞ்சுடுச்சு. இதுல ஆச்சரியப்பட ஒண்ணுமில்ல. பழைய பல்ப் வண்டியில நாலு இண்டிகேட்டர், ஒவ்வொண்ணும் 21 வாட். நல்ல பேட்டரின்னா மணிக்கணக்குல தாங்கும். ஆனா என் பேட்டரி ஏற்கெனவே செத்துட்டு இருந்துச்சு. அதாவது, கார் பழுதானா உதவணும்னு வெச்சிருக்கிற விளக்கு, அந்தக் கார் பேட்டரியையே நம்பி இருக்கு!

சரி, நாமதான் உஷார் பார்ட்டியாச்சே, டிக்கியில எல்இடி எமர்ஜென்சி லைட் இருக்கேன்னு திறந்தேன். ஆன்லைன்ல வாங்கினது. வட்டமா, ஐஸ் ஹாக்கி பக் சைஸ்ல மூணு. சிவப்பு, நீலம், வெள்ளைன்னு ஒன்பது விதமா மின்னும், அடியில காந்தம், எல்லாம் ஒரு பைக்குள்ள. ரெண்டு வெயில் காலம் டிக்கியிலேயே கிடந்திருக்கு. மூணுல ஒண்ணு கூட எரியல. திறந்தா செல் கசிஞ்சு, ஸ்பிரிங் பூரா வெள்ளைப் பொடி.

தூரத்துல காத்தாடி (அதாங்க, காற்றாலை) உச்சியில இருந்த சிவப்பு விளக்குங்க மட்டும் ஜாலியா கண்ணடிச்சிட்டு இருந்துச்சு.

கொஞ்ச நேரத்துல டிராக்டர்ல வந்த ஒரு அண்ணாச்சி நிறுத்தினார். "என்ன தம்பி, ரோட்டு மேல போட்டுருக்கீக? பின்னால அடையாளம் வைக்கலியா?"ன்னு கேட்டுட்டு, பதிலுக்குக் காத்திராம எறங்கி ஒரு மரத்துல ரெண்டு கொப்பை ஒடிச்சார். நாலஞ்சு பெரிய கல்லை உருட்டிட்டு வந்து, காருக்கு நாப்பது அடி பின்னால வரிசையா வெச்சு, மேல கொப்பைச் செருகினார். தமிழ்நாடு பூரா லாரிக்காரங்க பண்ற வேலைதான் இது. கொப்பு கிடந்தா முன்னாடி ஏதோ நிக்குதுன்னு அர்த்தம். "வாறேன் தம்பி"ன்னு போயிட்டார். அவர் டிராக்டர் ட்ரெய்லர்ல டெயில் லைட் இல்ல. அதை அவர்கிட்ட எப்படிச் சொல்றது?

பன்னெண்டு மணிக்கு மேல சித்தப்பா வண்டியோட வந்தாங்க, கயிறு கட்டி இழுத்துட்டு வீடு சேர்ந்தோம். கல்லு அங்கேயே கிடந்துச்சு. எடுக்கணும்னு எங்க ரெண்டு பேருக்குமே தோணல.

மறுநாள் காலையில டீக்கடையில பேச்சு. விடியக்காலம் தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்கு டிவிஎஸ் எக்ஸெல்ல போன ஒருத்தர் ரோட்டுல கிடந்த கல்லுல ஏத்தி விழுந்துட்டாராம். மணிக்கட்டு முறிஞ்சிருச்சாம். "எவனோ கல்லைப் போட்டுட்டுப் போயிருக்கான், கட்டையில போறவன்"னு ஒரு பெரியவர் திட்டிட்டு இருந்தார். அந்த எவனோ நான்தான். அன்னிக்கு வாயைத் திறக்கல, டீயைக் குடிச்சிட்டு வந்துட்டேன். தேர் பார்க்கப் போகவும் மனசு வரல. ரெண்டு நாள் கழிச்சு அப்பாவோட அவர் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொல்லிட்டு, ஆஸ்பத்திரி செலவைக் கொடுத்துட்டு வந்தேன். அவர் ஒண்ணும் சொல்லல. அவர் வீட்டம்மாதான், "இனிமேயாவது எடுத்துப் போட்டுட்டுப் போங்க தம்பி"ன்னாங்க.

அதுக்கப்புறம்தான் இந்த விளக்கு சமாச்சாரத்தை உட்கார்ந்து ஒழுங்கா யோசிச்சேன். நான் முதல்ல வாங்கினதே தப்பு, செல் கசியலைன்னாலும் தப்புதான். ஏன்னா கடையில நிக்கிற என் கண்ணுக்கு எது பளபளன்னு இருக்குன்னு பார்த்து வாங்கினேன். இந்த விளக்கு எனக்கில்ல. பின்னாடி எண்பதுல வர்ற முகம் தெரியாத ஆளுக்கு. அவன் கண்ணுக்கு என்ன தெரியும், அதை அவன் என்னன்னு புரிஞ்சுக்குவான்னு பார்த்துத்தான் வாங்கணும்.

ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 80 கிலோமீட்டர்னா நொடிக்கு 22 மீட்டர். ராத்திரி தூக்கக் கலக்கத்துல ஒண்ணைப் பார்த்து, புரிஞ்சு, பிரேக்ல கால் வைக்க ரெண்டு நொடின்னு வெச்சுக்குவோம், 44 மீட்டர் காலி. நல்ல ரோட்டுல நல்ல பிரேக் போட்டு நிக்க இன்னொரு 40 மீட்டர். மொத்தம் 85 மீட்டருக்குக் குறையாது. லோடு லாரின்னா இன்னும் கூட. டிம் லைட்டுல அவனுக்குத் தெரியறதோ அம்பது அறுபது மீட்டர். இந்த இடைவெளியிலதான் ஆள் சாகுறான். மத்திய அரசோட 2022 சாலை விபத்து அறிக்கையில தமிழ்நாட்டுக்கு மட்டும் 64,105 விபத்து, 17,884 சாவு. 'நிறுத்தியிருந்த வண்டியில மோதல்'னு அதுல தனியா ஒரு பிரிவே இருக்கு. அண்ணாச்சி வெச்ச கொப்பு நாப்பது அடி, அதாவது 12 மீட்டர். நல்ல மனசு, ஆனா எண்பதுல வர்றவனுக்கு அரை நொடி.

அப்ப கார் கூடக் கொடுக்கிற சிவப்பு முக்கோணம் போதாதா? பகல்ல அதை அடிச்சுக்க ஆளில்ல. வெயில்ல எந்த எல்இடியும் சோப்ளாங்கிதான். ராத்திரியிலதான் சிக்கல். முக்கோணத்துக்குன்னு சொந்த வெளிச்சம் கிடையாது, வர்ற வண்டியோட ஹெட்லைட்டைத் திருப்பி அடிக்கும், அவ்வளவுதான். மங்கலான லைட்டோட வர்ற எக்ஸெல்லுக்கு அது தெரியும்போது கிட்டக்க வந்துருப்பான். இன்னொண்ணு காத்து. காத்தாடியை நட்டு கரண்ட் எடுக்கிற ஊருங்க இது! ஆடி மாசம் முக்கோணத்தை வெச்சுட்டுத் திரும்பறதுக்குள்ள அது குப்புறப் படுத்துடும். ரோட்டோட ரோடா ஒட்டிக் கிடக்கிற வட்ட எல்இடி படுக்காது. அதனால ரெண்டும் வேணும்ங்கிறதுதான் என் கட்சி.

இந்த வட்ட விளக்கு வந்த கதையே சுவாரஸ்யம். அமெரிக்காவுல முன்னாடி 'ஃப்ளேர்'னு ஒரு குச்சியைக் கொளுத்தி ரோட்டுல போடுவாங்க. கால் மணி, அரை மணி சிவப்பா எரியும். அந்தச் சிவப்பு ஸ்ட்ரான்ஷியம் நைட்ரேட்டோட வேலை. நம்ம சிவகாசி சிவப்பு மத்தாப்புக்கும் ஸ்ட்ரான்ஷியம்தான் நிறம் கொடுக்குது. அதுக்கு மாற்றாத்தான் எல்இடி வட்டு வந்துச்சு. நல்லவேளை. சோளத்தட்டை, பருத்தி, தீப்பெட்டி, பட்டாசு லோடெல்லாம் போற ரோட்டுல மத்தாப்பைக் கொளுத்திப் போட்டா... வேணாம், விட்டுருங்க.

முதல் விஷயம் நிறம். மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த ஆம்பர் கலர் மட்டும் வாங்குங்க, இண்டிகேட்டர் கலர். சிவப்பு நீலம் போலீசுக்கும் ஆம்புலன்சுக்கும் உள்ளது. 2017 மே 1-லருந்து மந்திரிங்க காருக்கே சிவப்பு சுழல் விளக்கு கிடையாது, நமக்கெதுக்கு? "சிவப்பு நீலத்தைப் பார்த்தா போலீஸ்னு நினைச்சு ஸ்லோ பண்ணுவான்ல"ன்னு ஃப்ரெண்ட் ஒருத்தன் வாதாடினான். ஸ்லோ பண்ணுவான்தான். ஆனா முச்சந்திக்கு முச்சந்தி பேரிகார்டுல சிவப்பு நீலம் மின்னிட்டு இருக்கு, லாரி பின்னாடியும் சீரியல் செட் மாதிரி தொங்குது. அதைப் பார்க்கிறவன் பேரிகார்டைத் தேடுவான், நடு ரோட்டுல நிக்கிற காரைத் தேட மாட்டான். ஆம்பர்னா 'ஏதோ வண்டி நிக்குது'ன்னு யோசிக்காமலே புரியும்.

ஒன்பது மோடு வேண்டியதில்ல. மெதுவா மின்னுற ஒண்ணு போதும், இண்டிகேட்டர் வேகத்துல. படபடன்னு அடிக்கிற ஸ்ட்ரோபை வெச்சு எவ்வளவு தூரத்துல இருக்குன்னு கணிக்கவே முடியாது, கிட்ட வந்தா கண்ணும் கூசும். மொபைல் டார்ச்சை வர்றவன் மூஞ்சியில அடிக்கிறதும் இதே கேஸ்தான்.

பேட்டரிதான் என் காலை வாரின சங்கதி. பூட்டின கார் வெயில்ல நின்னா உள்ள 60 டிகிரியைத் தாண்டிப் போகும். சார்ஜ் பண்ற லித்தியம் அயான் வாங்கினா, சூட்டுல அதோட ஆயுசு குறையும், சும்மா கிடந்தே சார்ஜும் எறங்கும். வேணுங்கிற அன்னிக்கு யூஎஸ்பி ஒயரைத் தேடிட்டு இருப்பீங்க. சாதா அல்கலைன் செல் உள்ளேயே கிடந்தா எனக்கு நடந்ததுதான் உங்களுக்கும். நான் இப்ப பண்றது: செல் மாத்துற மாடல், செல்லை உள்ள போடாம ஒரு கவர்ல சுத்தி விளக்கோடவே கட்டி வெச்சிருக்கேன். சார்ஜ் பண்ண முடியாத லித்தியம் செல் கிடைச்சா இன்னும் நல்லது. விலை கூட, ஆனா பத்து வருஷம் வரை சும்மா கிடக்கும், கசியறதும் அபூர்வம். ஆயுத பூஜைக்கு எப்படியும் காரைக் கழுவிச் சந்தனம் வெச்சு எலுமிச்சம்பழம் ஏத்துறோம்ல, அன்னிக்கே செல்லைப் போட்டு எரியுதான்னு பார்த்துடுறது.

தண்ணிக்கும் தூசிக்கும் ஐபி67னு போட்டிருந்தா நல்லது. எங்க பக்கம் தூசிக்குத்தான் அது முக்கியம். காந்தம் இருக்குன்னு பெருமைப்பட்டுக்காதீங்க, பம்பர் பிளாஸ்டிக், அதுல ஒட்டாது. வீட்டு வாசல்லயே ஒட்டிப் பார்த்து வெச்சுக்கோங்க.

எங்க வைக்கிறது? இதுல நான் பாதி மனசு மாறியிருக்கேன். ஸ்பெயின் நாட்டுல 2026 ஜனவரி 1-லருந்து முக்கோணத்துக்குப் பதிலா வி16னு ஒரு ஆம்பர் எல்இடியைக் கட்டாயம் ஆக்கிட்டாங்க. ஜன்னல் வழியா கையை நீட்டி கூரை மேல ஒட்டிடலாம். கூடவே எங்க நிக்கிறோம்னு மொபைல் நெட்வொர்க் வழியா தகவலும் அனுப்பிடுமாம். முக்கோணம் வைக்க நடந்து போறவங்க அடிபட்டுச் சாகுறாங்கங்கிறதுதான் காரணம். இங்கிலாந்து ஹைவே கோடும் மோட்டார்வேயில முக்கோணம் வைக்காதேன்னுதான் சொல்லுது. நம்ம நாலுவழிச் சாலைக்கும், சாத்தூர் கோவில்பட்டி கயத்தாறுன்னு போற 44-க்கும், இது அப்படியே பொருந்தும். அங்க கூரையில ஒட்டிட்டு, எல்லாரையும் எறக்கி, தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நிக்க வெச்சுட்டு, 1033-க்குப் போன் போடுங்க. காருக்குள்ள உட்கார்ந்திருக்காதீங்க.

ஆனா கோவில்பட்டி கழுகுமலை ரோடு மாதிரி ரெட்டை வழியில, வளைவும் மேடுமா இருக்கிற எடத்துல, கூரை விளக்கு மட்டும் போதாது. வளைவுக்கு அந்தப் பக்கம் வர்றவனுக்கு அது தெரியறதே கடைசியிலதான். அங்க ஒரு விளக்கைக் கையில எரியவிட்டுக்கிட்டு, வர்ற வண்டியைப் பார்த்தபடி மண் ஓரமா நூறு தப்படி போய், ரோட்டு விளிம்புல வைக்கணும். பாதி வழியில இன்னொண்ணு. மூணாவது காருக்குப் பக்கத்துல. கிளம்பும்போது மூணையும் எண்ணி எடுத்துக்கணும். காசு கொடுத்து வாங்கினதாச்சே, கல்லு மாதிரி விட்டுட்டு வர மனசு வராது. எனக்கென்னவோ எல்இடியோட பெரிய நன்மையே இதுதான்னு தோணுது :-)

புதுசா வாங்கும்போது ரெண்டு செட்டா வாங்கி ஒண்ணைச் சித்தப்பாவுக்குக் கொடுத்தேன், டிராக்டர் ட்ரெய்லர் பின்னாடி மாட்டுறதுக்கு. போன மாசம் போனப்ப பார்த்தா, பூஜை ரூம்ல சாமி படத்துக்கு முன்னால மெதுவா மின்னிட்டு இருக்கு. "அம்புட்டு அழகா இருக்குய்யா, அதைப் போய் புழுதியில எப்படி மாட்டுறது"ங்கிறார். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது ஸ்க்ரூ டிரைவரோட போய் நானே மாட்டிட்டு வரணும்.

டிஸ்கி: எந்தக் கம்பெனி விளக்குன்னு கேட்காதீங்க. நான் வாங்கி இன்னும் ஒரு கோடை முழுசா தாண்டல. தாண்டினா சொல்றேன்.