முதலில் ஐந்து கல், பிறகு பயிற்சித்தாள்

பாலர்பள்ளி ஆசிரியையிடம் நம் பெற்றோர் கேட்கும் கேள்விகளில் தவறாமல் இடம்பெறுவது ஒன்று உண்டு. "டீச்சர், பிள்ளைக்குக் கணக்கு வருதா?" கணக்கு என்றால் அவர்கள் மனத்தில் இருப்பது தாளில் எழுதிய 3 + 2 = 5. தாளில் இல்லாதது கணக்கில் சேராது. பாலர்பள்ளிகளும் என்ன செய்யும்? பயிற்சித்தாள்களை அச்சடித்துப் பிள்ளையின் பையில் வைத்து அனுப்புகின்றன. தாள் கனக்கக் கனக்கப் பெற்றோருக்கும் திருப்தி.

இந்தப் போக்கு தவறு என்பது என் கருத்து. ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சேர்த்தல் கற்பிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த வயதில் சேர்த்தல் முதலில் கைக்கு வர வேண்டும் என்கிறேன்.

பருவ விடுமுறையில் ஒரு பாலர் வகுப்பில் சில வாரம் உதவிக்கு இருந்தேன். ஏழு போத்தல் மூடிகளை எண்ணச் சொன்னால் ஒரு பையன் எப்போதும் எட்டு என்பான். ஒன்று முதல் இருபது வரை தடங்கலின்றி ஒப்பிப்பவன்தான். அவன் விரலைக் கவனித்தேன். வாய் ஓர் எண் சொல்வதற்குள் விரல் அடுத்த மூடிக்குத் தாவிவிடும். சில வேளைகளில் வாய் முந்திக்கொள்ளும். எண்ணிய மூடியை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்திற்கு ஒவ்வொன்றாக நகர்த்தச் சொன்னதும் ஏழு சரியாக வந்தது. அவனுக்கு எண் தெரியும். கண்ணும் கையும் வாயும்தான் சேர்ந்து நடக்கவில்லை. அப்படிப்பட்ட பிள்ளைக்கு நாம் சூட்டும் பெயர் 'கணக்கில் மந்தம்'. 5 என்ற எண்ணைத் திருப்பி எழுதும் பிள்ளைக்கும் இதே கதிதான். விடை சரி, பென்சில் பிடித்த கை இன்னும் பழகவில்லை, சிவப்பு மையில் தவறு விழுகிறது. பயிற்சித்தாள் கையைச் சோதித்துவிட்டு மதிப்பெண்ணை மூளைக்குப் போடுகிறது.

ஆகவே கண்-கை ஒருங்கிணைப்பைக் கணிதத்தோடு ஒட்டிவரும் ஓர் உபரிப் பயன் என்று நினைக்கக்கூடாது. அந்த வயதில் எண்ணுவது என்பதே அதுதான்.

இதற்கு நம்மிடம் இல்லாத கருவியா? ஐந்து கல் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மலாய்க்காரர்களின் 'பத்து செரம்பான்' அதற்கு உடன்பிறப்பு. ஒரு கல்லை மேலே வீசி, அது கீழே வருவதற்குள் தரையில் உள்ள நான்கு கற்களை அள்ள வேண்டும். முதல் ஆட்டத்தில் ஒவ்வொன்றாக, இரண்டாம் ஆட்டத்தில் இரண்டிரண்டாக, மூன்றாவதில் ஒரு தடவை மூன்று, மறு தடவை ஒன்று, நான்காவதில் நான்கையும் ஒரே அள்ளலில். நான்கு என்ற எண்ணைப் பிரித்துச் சேர்க்கும் பல வழிகள் இந்த நான்கு ஆட்டங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. வீசிய கல்லைக் கண் தொடர வேண்டியிருப்பதால் தரையிலுள்ள கற்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருக்க நேரமில்லை. 'அங்கே இரண்டு, இங்கே இரண்டு' என்று ஒரே பார்வையில் பிடித்தாக வேண்டும். எந்தத் தாளும் இதைக் கேட்பதில்லை.

ஐந்து வயதில் கல்லை வீசிப் பிடிக்க முடியுமா என்று கேட்பீர்கள். முடியாது, எடுத்த எடுப்பில் முடியாது. கல்லுக்குப் பதிலாகப் பச்சைப் பயறு அடைத்த துணிப்பை கொடுங்கள். முதலில் இரண்டு கைகளாலும் பிடிக்கட்டும். அடுத்து, வீசாமலேயே ஒரு கையால் இரண்டை அள்ளி மறுகையில் உள்ள மூன்றோடு சேர்த்து 'ஐந்து' என்று சொல்லட்டும். நெஞ்சளவு உயரத்திற்கு வீசிப் பிடிப்பதெல்லாம் சில மாதம் கழித்து. கை தயாரானதும் பிள்ளையே அடுத்த ஆட்டத்தைக் கேட்கும்.

பல்லாங்குழியும் சொங்காக்கும் இதே வழிதான். உள்ளங்கையில் பல முத்துகளை வைத்துக்கொண்டு குழிக்கு ஒன்றாக விடும் விரல், நாளை பென்சிலைப் பிடிக்கப்போகும் விரல். (புளியங்கொட்டை போதும். குன்றிமணி அழகாக இருக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள், அது நஞ்சு. எதையும் வாயில் போடும் வயதுத் தம்பி தங்கைகள் பக்கத்தில் இருந்தால் எந்தக் கொட்டையும் வேண்டாம்.)

விளையாட்டில் கணிதம் வளருமா என்பவர்களுக்கு ஆய்வுச் சான்றும் உண்டு. 2008இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ராபர்ட் சீக்லரும் கீதா ராமணியும், வருமானம் குறைந்த குடும்பங்களின் பாலர்பள்ளிப் பிள்ளைகளை 1 முதல் 10 வரை கட்டம் போட்ட பலகையில் காய் நகர்த்தி விளையாட வைத்தனர். இரண்டு வாரத்தில் நான்கே தடவை. அப்பிள்ளைகளின் எண்ணறிவு உயர்ந்தது. எண்ணுக்குப் பதிலாக நிறம் பூசிய பலகையில் விளையாடியவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. இதில் நுட்பமான ஓர் ஏற்பாடு இருந்தது. மூன்றாம் கட்டத்தில் நிற்கும் காய்க்கு இரண்டு விழுந்தால் 'ஒன்று, இரண்டு' என்று சொல்லி நகர்த்தக்கூடாது. 'நான்கு, ஐந்து' என்று சொல்ல வேண்டும். 3 + 2 என்ற சேர்த்தல் அங்கேயே முடிந்துவிடுகிறது. நம் வீட்டுப் பாம்பு ஏணிப் பலகையில் இந்த ஒரு விதியைச் சேர்க்க எத்தனை காசு செலவாகும்?

தமிழில் எண்ணும் பிள்ளைக்கு இன்னொரு வசதியும் உண்டு. 'பதினொன்று' என்ற சொல்லிலேயே பத்தும் ஒன்றும் இருக்கின்றன. ஆங்கிலத்தில் அந்த எண்ணின் பெயர் இப்படி வெளிப்படையாகப் பிரிவதில்லை. ஒன்பதும் தொண்ணூறும் சற்றுக் குழப்புவது வேறு கதை.

கைத்தொலைபேசியிலேயே கணக்கு விளையாட்டு இருக்கிறதே என்பார்கள். கண்ணாடியைத் தேய்க்கும் விரலுக்கு மூன்று பைக்கும் ஐந்து பைக்கும் எடை வித்தியாசம் தெரியாது. மாதக் கட்டணம் கட்டிச் செம்போவா வகுப்புக்கு அனுப்புவோரையும் நான் குறை கூறவில்லை. ஆனால் ஏழு என்பது ஐந்தும் இரண்டும் என்று கைக்குத் தெரிந்த பிள்ளைக்குத்தான் அந்த மணிச்சட்டம் பயன்படும்.

ஆசிரியர்களின் சிரமம் எனக்குப் புரிகிறது. 25 பிள்ளைகள், ஓர் ஆசிரியர், ஓர் உதவியாளர். விளையாடியதைப் பெற்றோருக்குக் கோப்பில் போட்டுக் காட்ட முடியாது; தாளைக் காட்டலாம். 2010இல் அறிமுகமாகி 2017இல் திருத்தப்பட்ட தேசியப் பாலர்பள்ளிக் கலைத்திட்டம் விளையாட்டின் வழி கற்றலை வலியுறுத்தியது. தடை ஏட்டில் இல்லை, நம் எதிர்பார்ப்பில்தான் இருக்கிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை பள்ளியில் விட்டதை வீட்டில் பிடித்துக்கொள்ளும். அப்பாவும் அம்மாவும் ஷிப்ட் வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளை, 'மந்தம்' என்ற பெயரோடு முதலாம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும். அந்தப் பெயர் இடைநிலைப்பள்ளி வரை கூடவே வந்ததை நம்மில் பலர் பக்கத்து மேசையில் பார்த்திருக்கிறோம்.

பல்கலைக்கழக மாணவர்களாகிய நாமும் சும்மா இல்லை. கலை விழாவில் பல்லாங்குழியை மேசைமேல் பரப்பி, 'பாரம்பரிய விளையாட்டுகள்' என்று அட்டை எழுதிப் படம் பிடித்துக்கொள்கிறோம். விழா முடிந்ததும் பலகை அலமாரிக்குப் போய்விடுகிறது. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்படும்வரை மாணவர் அமைப்புகள் ஆறாம் ஆண்டுக்குத் தேர்வுப் பட்டறை நடத்தின. அந்த உழைப்பைப் பாலர் வகுப்புப் பக்கம் கொஞ்சம் திருப்பலாமே. வகுப்பை ஐவர் ஐவராகப் பிரித்தால் 25 துணிப்பைகள் போதும். பழைய சேலை ஒன்று, ஒரு கிலோ பச்சைப் பயறு, ஊசி நூல். விடுதியில் பத்துப் பேர் உட்கார்ந்தால் ஒரே மாலையில் தைத்து முடித்துவிடலாம்.