திரையில் பாடம், கையில் ஏடு

பொறியியற் கல்லூரியில் பயிலும் பிள்ளைகள் நம் சங்கக் குடும்பங்கள் பலவற்றில் உள்ளனர். வகுப்பு நேரடியாக ஒளிபரப்பாகும்போது ஏட்டைத் திறவாதிருக்கும் பிள்ளையைக் கேட்டால், "பாடம் பதிவாகிறது, பிறகு பார்த்துக்கொள்வேன்" என்று மறுமொழி வருகிறது. இம்மறுமொழியைப் பற்றியே இத்திங்கள் சில சொற்கள் கூற விழைகிறோம்.

இவ்வசதியை நாம் குறைத்து மதிப்பவரல்லோம். 2003-ஆம் ஆண்டில் ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியற் கழகமும் சேர்ந்து தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டத்தால், தேர்ந்த பேராசிரியரின் விரிவுரை சிற்றூர் மாணவனுக்கும் கட்டணமின்றிக் கிட்டிற்று. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் கல்லூரிகள் மூடப்பட்டபோது, படிப்பு அறுபடாமற் காத்ததும் இணையவழி வகுப்பே. விளங்காத இடத்தை நிறுத்தி மீண்டும் கேட்கும் பேறு நம் தலைமுறைக்கு வாய்த்ததில்லை.

ஆயினும் பதிவு வேறு, பயிற்சி வேறு. பாரம் தாங்கும் ஓர் உத்திரத்தின் கணக்கை ஆசிரியர் படிப்படியாக வரைகிறார்: முதலில் தாங்கிகளின் எதிர்விசை, அடுத்து வெட்டுவிசை, அதன் பின்னரே உத்திரத்தை வளைக்கும் திருப்புத்திறன். முடிந்த பலகையைக் கைப்பேசியிற் படமெடுத்தவனிடம் கோடுகள் இருக்கும். அவை பிறந்த வரிசை இராது.

மியூல்லர், ஓப்பன்ஹைமர் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர் 2014-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மடிக்கணினியிற் குறிப்பெடுத்த மாணவர் சொல்லுக்குச் சொல் மிகுதியாகப் பதிந்தனர். கருத்தைச் சோதித்த வினாக்களிலோ கையால் எழுதியோரே மேம்பட்டனர். 2021-இல் வேறு சிலர் அச்சோதனையை மீண்டும் செய்தபோது, அந்தச் சொல்லுக்குச் சொல் வழக்கம் அவ்வாறே தென்பட்டது. மதிப்பெண்ணில் தெளிவான வேறுபாடு தென்படவில்லை. ஆகவே கருவியைப் பழிப்பதிற் பயனில்லை. கேட்டதைத் தன் சொல்லாக்கி எழுதுகிறானா என்பதே நாம் காண வேண்டுவது. அதைக் காகிதத்திலும் செய்யலாம், டேப்லெட்டிலும் செய்யலாம்.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். பொறியியல் நமக்குத் தெரியாதே என்று ஒதுங்க வேண்டா. இரவு உணவின்போது, "இன்று என்ன பாடம்? எனக்குப் புரியும்படி தமிழிற் சொல்" என்று கேளுங்கள். வகுப்பில் ஆங்கிலமும் தோழரிடம் இவ்வூர் மொழியும் பேசும் பிள்ளை, தாய்க்குத் தமிழில் விளக்கப் புகும்போது, மனப்பாடச் சொற்கள் துணைக்கு வாரா. தடுமாறும் இடமே புரியாத இடம். அன்றிரவு பதிவைத் திருப்பிப் பார்க்க வேண்டியதும், மறுநாள் ஆசிரியரிடம் வினவ வேண்டியதும் அவ்விடமே. இவ்வாறு செய்யின் பாடம் நிலைபெறும். வெளிமாநிலத்தில் வளரும் பிள்ளையின் தமிழும் உடன் வளரும்.