எந்தத் தேதி வரை?

முட்டை கூடாது. பசும்பால், தயிர், நெய் கூடாது. கோதுமை கூடாது. நிலக்கடலை, முந்திரி, எள் கூடாது. மீன், இறால், கருவாடு கூடாது. கத்தரிக்காய், தக்காளி, வாழைப்பழம் கூடாது. துவரம்பருப்பைக்கூட விட்டுவைக்கவில்லை. குழந்தைக்கு மட்டுமல்ல, தாய்ப்பால் கொடுக்கிற எனக்கும் இத்தனையும் கூடாது. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்கள். எந்தத் தேதி வரை கூடாது என்று மட்டும் எழுதவில்லை.

என் மகனுக்கு எட்டாம் மாதத்தில் கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் கரப்பான் வந்தது. தோல் சிவந்து கசிந்தது; தூக்கத்திலும் சொறிந்தான். தூக்கிக்கொண்டு ஓடினோம். களிம்பை எவ்வளவு, எத்தனை வேளை தடவ வேண்டும் என்று சொல்வதற்கு முன்பே ரத்தம் எடுத்தார்கள். பக்கம் பக்கமாக ரிசல்ட் வந்தது. உணவுகளின் பெயர், எதிரே எண், சில எண்கள் சிவப்பில். "பாருங்க, எத்தனைக்கு அலர்ஜி!" என்றார் மருத்துவர். சிவப்பில் இருந்ததெல்லாம் அன்றைக்கே நின்றது. அவன் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளை. சாப்பிட்டபின் வாந்தி வந்ததா, உதடு வீங்கியதா, உடம்பில் தடித்ததா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பேன்.

அந்த எண்கள் என்ன சொல்கின்றன என்பதை எனக்கு யாரும் அப்போது விளக்கவில்லை. பின்னால் நானே படித்துத் தெரிந்துகொண்டேன். ரத்தத்தில் ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்பொருள் இருந்தால், அந்த உணவை உடம்பு குறித்து வைத்திருக்கிறது என்றுதான் பொருள். தின்றால் கட்டாயம் தீங்கு வரும் என்று பொருள் இல்லை. கர்நாடகத்தில் பெரியவர்களிடம் நடத்திய ஒரு பெரிய ஆய்வு 2016-இல் வெளியானது. ஏதாவது ஓர் உணவுக்கு ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தவர்கள் நூற்றுக்கு 26 பேருக்கும் மேல். உண்மையில் உணவு அலர்ஜி இருக்கக்கூடும் என்று கணக்கிடப்பட்டவர்கள் நூற்றுக்கு ஒருவர் சொச்சம். நடுவில் இருக்கிற அத்தனை பேரும் எதையும் நிறுத்தத் தேவையில்லாதவர்கள். என் பிள்ளை எந்தப் பக்கம் என்று பார்க்காமலேயே அவன் தட்டைப் பிடுங்கினார்கள். ஐ.ஜி.ஜி. என்று இன்னொரு பரிசோதனையையும் 'உணவு ஒவ்வாமை பேக்கேஜ்' என்று விற்கிறார்கள். உணவு அலர்ஜியைக் கண்டறிய அது உதவாது என்று ஐரோப்பிய அலர்ஜி மருத்துவர்களின் அமைப்பு 2008-இலேயே சொல்லிவிட்டது. சொன்னது விற்கிறவர்கள் காதில் விழவில்லையா?

பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்கு எங்கள் திருநெல்வேலிப் பக்கம் பத்தியம் உண்டு. அதில் எனக்கு வருத்தமில்லை. பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, நல்லெண்ணெய், கருப்பட்டி, பிரசவ லேகியம் என்று வயிற்றை நிறைத்துத்தான் பத்தியம் வைத்தார்கள். கணக்குப் பார்த்து ஒரு நாள் பத்தியம் முறிக்கவும் செய்தார்கள். ஆஸ்பத்திரி கொடுத்த பத்தியத்தில் நிறைக்கவும் ஒன்றுமில்லை, முறிக்கவும் நாளில்லை. பாலூட்டும் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்று நம் நாட்டின் ஊட்டச்சத்து ஆய்வகமே சொல்கிறது. பாலும் தயிரும் எள்ளும் கருவாடும் நிறுத்தப்பட்ட நான் அதை எங்கிருந்து எடுப்பது? ஒரு மாத்திரைகூட எழுதித் தரவில்லை. சோறும் ரசமும் சுரைக்காயும் தின்று பால் கொடுத்தேன். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. இடுப்பு விட்டுப்போனது. ராத்திரி பசியில் விழித்து, அடுக்களையில் நின்று, எதைத் தொட்டாலும் பிள்ளைக்கு ஆகாதோ என்ற பயத்தில் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்திருக்கிறேன்.

அந்தப் பயத்தை என் வீட்டாரும் வளர்த்தார்கள். கரப்பான் என்பது ஏறும், இறங்கும். வெயிலில், வியர்வையில், சளிக் காய்ச்சலில், காரணமே இல்லாமலும் ஏறும். ஆனால் தாள் ஒன்று கையில் இருக்கிறதே! பிள்ளையின் கன்னம் சிவந்த ஒவ்வொரு காலையிலும் முதல் கேள்வி எனக்குத்தான். "என்னத்தத் தின்ன நீ?" என்பார் அத்தை. "மதினி, பிள்ளைக்காகக் கொஞ்சம் வாயக் கட்டக் கூடாதா?" என்பாள் நாத்தனார். கல்யாண வீட்டுப் பந்தியில் என் இலையை ஆளாளுக்கு எட்டிப் பார்த்தார்கள். நான் தின்ற சோற்றுக்கு நான் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. என்னைக் குற்றவாளியாக்க அவர்களுக்கு ஆயுதம் கொடுத்தது யார்? அந்தக் கையெழுத்துத்தானே! தாய்ப்பாலையே நிறுத்திவிட்டுப் புரதம் உடைத்த டப்பாப் பால் பவுடர் கொடுக்கலாம் என்றும் சொன்னார்கள். அதன் கசப்பில் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பிள்ளைக்கு மூன்று வயதாகும்வரை முட்டையின் ருசி தெரியாது. அங்கன்வாடியில் எடை பார்த்துக் குறிக்கிற அட்டையில் பச்சையில் இருந்தவன் மஞ்சளுக்கு இறங்கினான். மற்றப் பிள்ளைகள் முட்டையை உரித்துத் தின்னும்போது இவனைத் தனியே உட்கார வைத்தார்கள். தொட்டுவிடுவானோ என்று ஆயாம்மாவுக்கும் பயம். கடைசியில் அவனே பயந்தான். புதிதாக எதைத் தட்டில் வைத்தாலும் "இதத் தின்னா எனக்கு ஊசியா?" என்று கேட்டான். சாப்பாட்டைக் கண்டு நடுங்குகிற பிள்ளையைப் பெற்றவளுக்கு என்ன ஆறுதல் சொல்வீர்கள்?

இது என் வீட்டுக் கதை மட்டும்தான் என்று யாராவது தள்ளிவிடப் பார்த்தால், 2001-இல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதியதைப் படிக்கட்டும். 22 மாதக் குழந்தை. அதற்கும் தோலில் இதே கரப்பான். பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து, தாய்ப்பால் மறந்தபின் அரிசிப் பானத்தைக் கொடுத்து வளர்த்திருக்கிறார்கள். புரதம் இல்லாமல் உடம்பு வீங்கி, குவாஷியார்கர் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தது. பஞ்சத்தில் வருகிற நோய், பணக்கார நாட்டில் நிறைந்த வீட்டில் வந்தது!

எங்களுக்கு வழி காட்டியவர் ஓர் அரசு மருத்துவமனைக் குழந்தை மருத்துவர். தாளை ஒதுக்கி வைத்துவிட்டு, "இதைச் சாப்பிட்டப்ப என்னம்மா ஆச்சு?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வார்டிலேயே உட்காரவைத்து, அட்ரினலின் ஊசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வேகவைத்த முட்டையை நகக்கண் அளவிலிருந்து கூட்டிக் கூட்டிக் கொடுத்துக் காத்திருந்தார். ஒன்றும் ஆகவில்லை. வேறு நாட்களில் கோதுமை, கடலை, மீன். ஒன்றும் ஆகவில்லை. இத்தனை காலம் எதற்காக அந்தப் பிள்ளை பட்டினி கிடந்தான்?

பாலில்தான் இடி விழுந்தது. கைக்குழந்தையில் தயிர்சாதம் தின்று செரித்தவனுக்கு, சில சொட்டுப் பாலில் உதடு வீங்கி உடம்பெல்லாம் தடித்தது. ஊசி இருந்ததால் பிழைத்தான். கரப்பான் உள்ள குழந்தைகள் நன்றாகத் தின்றுகொண்டிருந்த உணவை நீண்ட காலம் நிறுத்தினால், உடம்பு அதை ஏற்கும் பழக்கத்தை இழந்துவிடக்கூடும் என்று அந்த மருத்துவர் சொன்னார். நெதர்லாந்தின் உட்ரெக்ட் மருத்துவர்கள் 2006-இலேயே இப்படிப்பட்ட குழந்தைகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். என் மகனுக்கும் அதனால்தான் வந்தது என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது. அதனால் இல்லை என்றும் முடியாது. இல்லாத நோய்க்கு மருந்தென்று சொல்லி, இருக்கிற நோயைக் கையில் கொடுத்தார்களோ என்ற கேள்வியோடு நான் வாழ வேண்டியிருக்கிறது.

உணவு அலர்ஜி உண்மையானது. ஒரு கடலையில் உயிர் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்காக எத்தனை கட்டுப்பாடும் தகும். அதனால்தான் சொல்கிறேன், வீட்டில் யாரும் தாங்களாகக் கொடுத்துப் பார்த்துவிடாதீர்கள். அந்தச் சோதனையைச் செய்ய வேண்டிய இடம் ஆஸ்பத்திரி, செய்ய வேண்டியவர் மருத்துவர். செய்யாமல் விட்டதுதான் என் குற்றச்சாட்டு.

தெரியாத காலம் என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. அலர்ஜிக் குடும்பத்துக் குழந்தைக்கு முட்டை இரண்டு வயதில், கடலையும் மீனும் மூன்று வயதில் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பு 2000-இல் சொன்னது. ஆதாரம் இல்லை என்று 2008-இல் அதுவே பின்வாங்கியது. 2015-இல் லண்டனில் 640 குழந்தைகளிடம் நடந்த ஆய்வின் முடிவு வந்தது. கைக்குழந்தையிலிருந்தே கடலை தின்றவர்களில் ஐந்து வயதில் கடலை அலர்ஜி வந்தது நூற்றுக்கு மூன்று பேருக்கு. கடலையை விலக்கி வைத்தவர்களில் பதினேழு பேருக்கு. என் மகன் பிறந்தது இதற்கெல்லாம் பிறகு. இங்கிலாந்தில் 2006-க்கும் 2016-க்கும் இடையில் பால் அலர்ஜிக்கான சிறப்புப் பவுடரை எழுதிக் கொடுத்த சீட்டுகள் ஒரு லட்சத்திலிருந்து ஆறு லட்சமாகின. பிள்ளைகளின் உடம்பு பத்து வருடத்தில் ஆறு மடங்கு மாறிவிட்டதா?

பட்டியல் எழுதுகிறவர்களே, ரத்தம் எடுக்கும் முன் அந்தத் தாயிடம் பிள்ளை என்ன தின்றது, என்ன ஆனது என்று கேளுங்கள். நிறுத்தச் சொல்லும் ஒவ்வொரு உணவுக்கும் எதிரே அதற்குப் பதில் எது என்று எழுதுங்கள். தாய்க்கும் சேர்த்து எழுதுங்கள். திரும்பக் கொடுத்துப் பார்க்கும் தேதியையும் அதே தாளில் போட்டு, அந்தத் தேதியில் நீங்களே ஊசியோடு பக்கத்தில் இருங்கள். முடியாதென்றால் அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.