பட்டம் ஒன்றே படிக்கட்டா?

கல்லூரிச் சேர்க்கைக் காலம் வந்துவிட்டால் நம் துறை வாயிலில் பெற்றோர் வரிசையாக நிற்பது வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன்பு அவ்வாறு நின்றவர்களுள் பாலக்கரையில் சிறுகடை நடத்தும் தந்தை ஒருவரும் இருந்தார். "ஏதாவது ஒரு டிகிரியில் போட்டுவிடுங்கள் சார். நாளைக்குப் பெண் கேட்கப் போனால், பையன் என்ன படித்திருக்கிறான் என்றுதானே முதலில் கேட்பார்கள்?" என்றார். மகன் வாய் திறக்கவில்லை. பள்ளி விடுமுறைகளையெல்லாம் மோட்டார் காயில் கட்டும் கடையில் கழித்தவன் அவன் என்பது பேச்சினூடே தெரிய வந்தது. ஆயினும் அவனது விருப்பத்தை நாம் கேட்கவில்லை. இடம் இருந்தது, கொடுத்தோம். மூன்றாண்டுகள் கழிந்து, ஏழு தாள்கள் நிலுவையில் நிற்க, அவன் கல்லூரியை விட்டு வெளியேறினான். பின்னர் வளைகுடா நாடொன்றுக்கு ஹெல்பராகச் சபர் போனான். அவனுடன் அதே விமானத்தில் சென்ற, அவன் தெருவைச் சேர்ந்த வெல்டர் ஒருவர் தன்னைப்போல் இருமடங்குக்கு மேல் ஊதியம் பெறுவதாக விடுப்பில் வந்தபோது அவனே நம்மிடம் கூறினான். அவன் நம்மைக் குறை சொல்லவில்லை. குறை நம்முடையது என்பதை நாமே உணர்ந்தோம்.

பட்டப்படிப்பைக் கற்பித்து ஊதியம் பெறும் தமிழாசிரியரே பட்டம் வேண்டா என்று எழுதலாமா என வாசகர் வினவக்கூடும். நாம் அவ்வாறு கூற வரவில்லை. கற்கும் வேட்கையோடு வருவோர்க்குக் கல்லூரிக் கல்வியைப் போன்ற செல்வம் பிறிதில்லை. நாம் மறுப்பது ஒன்றே: வேறு வழி தெரியாமையால் எடுக்கப்படும் பட்டம். மூன்றாண்டுக் கலைப் படிப்பாயினும் நான்காண்டுப் பொறியியலாயினும், விருப்பமின்றிச் சேர்ந்தவனுக்கு அது காலச்செலவு. கடன் வாங்கிச் சேர்த்த குடும்பத்திற்கோ பெருஞ்சுமை.

வேறு வழிகள் எங்கோ தொலைவில் இருப்பன அல்ல. நம் ஊரின் கிழக்கே நோக்கினாலே போதும். பொன்மலை இரயில்வே பணிமனை 1928 முதல் இயங்கி வருகிறது. நீலகிரி மலை இரயிலுக்குரிய புதிய நீராவி எஞ்சின்களை 2011 முதல் உருவாக்கித் தந்த கைகள் அங்கு உள்ளன. அதற்கப்பால் திருவெறும்பூரில் செக்கோஸ்லோவாகியா நாட்டின் தொழில்நுட்ப உதவியுடன் 1965இல் அமைந்த பாரத மிகுமின் நிறுவனத்தின் உயர் அழுத்தக் கொதிகலன் ஆலை. அவ்வளாகத்திலேயே 1975இல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் தோன்றியது.

கொதிகலன் குழாய் இணைப்பது எளிய வேலை என்று எண்ணுவோர் உளர். உயர் அழுத்த நீராவி பாயும் குழாயின் இணைப்பில் ஊசிமுனை அளவு குறை இருப்பினும் அது உயிருக்கே உலை வைக்கும். ஆதலால்தான் ஆர்கான் வெல்டிங்கில் இட்ட இணைப்புகளைக் கதிர்ப்படம் எடுத்துச் சோதிக்கின்றனர். 1950ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன் விதிமுறைகள் கேட்கும் தேர்வில் தேறிச் சான்று பெறாத ஒருவர் அழுத்தம் தாங்கும் பகுதியைத் தொடவும் இயலாது. பெற்ற தகுதியையும் குறித்த காலத்திற்கு ஒருமுறை மீண்டும் மெய்ப்பித்தாக வேண்டும். இத்தனை கண்டிப்பான தேர்வு கலைப் பட்டத்திற்குக்கூட இல்லை எனலாம். அத்தேர்வில் தேறியவருக்கு உள்நாட்டிலும் கடல் கடந்தும் மதிப்பிருப்பதில் வியப்பில்லை.

இதற்கு முதற்படியாக அமைவது தொழிற்பயிற்சி நிலையம், அதாவது நாம் 'ஐ.டி.ஐ.' என்று சற்றே குரல் தாழ்த்திச் சொல்லும் இடம். வெல்டர் பயிற்சி ஓராண்டு. ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் போன்றவை ஈராண்டு. பின்னர் 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின்படி ஆலைகளில் உதவித்தொகையுடன் பழகலாம். இரயில்வேயில் உதவி லோகோ பைலட் பணிக்குப் பத்தாம் வகுப்புடன் உரிய தொழிற்பயிற்சிச் சான்று இருந்தால் விண்ணப்பிக்கலாம். ஏழாவது ஊதியக் குழுவின்படி அதன் தொடக்க அடிப்படை ஊதியம் 19,900 ரூபாய். அகவிலைப்படியும் வண்டியோட்டும் பணிக்குரிய படியும் அதற்கு மேல். இத்தொகையைத் தொடக்கத்திலேயே பெறாத பட்டதாரிகளை நாம் நம் பழைய மாணவர்களிடையே அன்றாடம் காண்கிறோம்.

தொழிற்பயிற்சி பெற்றவன் அத்துடன் நின்றுவிட வேண்டியவனும் அல்லன். அவன் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பட்டயம் பெற்றபின் பொறியியலிலும் இரண்டாம் ஆண்டில் சேரலாம். 1952இல் தொடங்கிய சேஷசாயி தொழில்நுட்பப் பயிலகம் போன்ற நிலையங்கள் நம் நகரிலேயே உள்ளன. தமிழக அரசு 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் வழங்குகையில் தொழிற்பயிற்சி மாணவரையும் உயர்கல்வி மாணவராகவே கணக்கிட்டன. அரசு ஏற்றதை நம் இல்லங்கள் இன்னும் ஏற்கவில்லை.

எனினும் நாணயத்தின் மறுபக்கத்தை மறைப்பது அறமன்று. கொதிகலனுக்கான கேட்பு குறைந்த ஆண்டுகளில் திருச்சியைச் சுற்றியுள்ள சிறு ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் வேலையின்றித் தவித்ததை நாம் அறிவோம். ஒரு காலத்தில் நம் ஊரின் புகழாக விளங்கிய செயற்கை வைரக் கல் பட்டை தீட்டும் தொழில், இயந்திரத்தால் தீட்டிய கற்கள் சந்தைக்கு வந்தபின் நலிந்தது. தலைமுறை தலைமுறையாகப் பழகிய விரல்களுக்கு மாற்றுத் தொழிலில் காட்டுதற்கு ஒரு சான்றும் இல்லை. இதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம், தொழில் வேண்டாம் என்பதன்று. சான்றில்லாத தொழிலும், புதுப்பிக்கப்படாத தொழிலும் பாதுகாப்பற்றவை என்பதே. ஆங்கிலத்தில் வரைபடம் படிக்கவும், தன் ஒப்பந்தத்தைத் தானே படித்துக் கையொப்பமிடவும் தெரியாத தொழிலாளி எத்துணைத் திறனுடையவனாயினும் ஏமாற்றப்படுவான். கைத்திறனுக்கும் கல்வி துணை வேண்டும்.

கையால் உழைப்பது இழிவு என்னும் எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது? சங்கப் புலவர் பெயர்களை நோக்குங்கள். உறையூர் இளம்பொன்வாணிகனார், மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார், தங்கால் பொற்கொல்லனார் என்று தம் தொழிலைப் பெயரிலேயே சுமந்து நின்றனர். பொன்னும் துணியும் உலைக்களமும் அவர்தம் புலமைக்கு இழுக்காகவில்லை. அவருள் முதல்வர் நம் உறையூரார். காவிரியின் வடகரையில் பல நூற்றாண்டுகள் முற்றுப்பெறாது நின்ற திருவரங்கத்து இராஜகோபுரத்தை 1987இல் 13 நிலைகளோடும் 236 அடி உயரத்தோடும் நிறைவு செய்த பணியில், தந்தையிடமும் ஆசானிடமும் கற்ற சிற்பக்கலை மரபின் பங்கு எத்துணை என்பதை அண்ணாந்து பார்ப்போர் அறிவர். நம் மார்க்கமும் இதனையே உணர்த்துகிறது. தாவூத் நபி இரும்பால் கவசம் செய்தார்கள். ஜகரிய்யா நபி தச்சராக இருந்தார்கள். இவற்றை மேடையில் பேசுகிறோம். மாப்பிள்ளை தேடும்போது மறந்துவிடுகிறோம்.

ஆதலின் சமுதாயப் பெரியோர் முன் சில கருத்துகளை வைக்கிறோம். ஜமாஅத்துகளும் பைத்துல்மால்களும் வழங்கும் கல்வி உதவி, கல்லூரிக் கட்டணத்தோடு நில்லாமல் தொழிற்பயிற்சி மாணவனின் கருவிப் பெட்டிக்கும் தகுதித் தேர்வுக் கட்டணத்திற்கும் செல்லட்டும். பள்ளி ஆண்டு விழாக்களில் மருத்துவருக்கும் பொறியாளருக்கும் போடும் பொன்னாடையுள் ஒன்று, சான்று பெற்ற வெல்டருக்கும் உரியதாகட்டும். வெளிநாடு செல்ல விரும்பும் இளைஞன் கையில் தொழிலின்றி விமானம் ஏறாதிருக்க ஊர்ப்பெரியோர் பொறுப்பேற்கட்டும். நம் போன்ற ஆசிரியர்கள், வகுப்பறை நிறைய வேண்டும் என்பதற்காக எந்த மாணவனையும் சேர்க்காதிருப்போமாக. அதனால் சில இருக்கைகள் காலியாகலாம். அந்த இழப்பை நாம் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

சென்ற சேர்க்கைக் காலத்தில் அதே பாலக்கரைத் தந்தை தம் இளைய மகனுடன் வந்தார். அதே வேண்டுகோள். இம்முறை தந்தையை அமரச் செய்து, மகனை நோக்கி, "தம்பி, உனக்கு எதில் விருப்பம்?" என்று கேட்டோம். அவன் தந்தையைப் பார்த்தான். பிறகு, "தமிழ் படிக்கணும் சார்" என்றான். சேர்த்துக்கொண்டோம். நாம் வேண்டுவதும் இதுவே. எந்த வழியாயினும் பிள்ளை தானே தேர்ந்த வழியாக அது இருக்கட்டும். பட்டறைக்குச் செல்பவன் தலை நிமிர்ந்து செல்லட்டும். வகுப்பறைக்கு வருபவன் மனம் விரும்பி வரட்டும். வல்ல இறைவன் நம் பிள்ளைகளுக்கு நல்வழி காட்டுவானாக.