தறிக்குப் பக்கத்துத் தூளி

ஆரணிப் பட்டு நெய்யும் சேத்துப்பட்டு வட்டாரத்துத் தறிவீடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். குழித்தறிக்கு எட்டும் தூரத்தில் தூளி. இழை அறுகிறது, தறி நிற்கிறது. அதுவரை தாலாட்டாக இருந்த சத்தம் ஓய்ந்ததும் பிள்ளை விழித்து வீறிடுகிறது. இழையை முடிந்துகொண்டே அம்மா என்ன சொல்கிறாள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

“அழாத, பூச்சாண்டி வந்துடுவான்” என்பது ஒரு பதில். “பயந்துட்டியா கண்ணு? நூல் அறுந்துபோச்சு, இதோ வந்துட்டேன்” என்பது இன்னொன்று. இரண்டுக்கும் ஆகும் நேரம் ஒன்றுதான். ஆனால் இரண்டாவதில், தனக்குள் படபடத்ததற்குப் ‘பயம்’ என்று பேர் இருப்பது பிள்ளையின் காதில் விழுகிறது.

கைக்குழந்தைக்கு என்ன புரியும் என்று சிரிப்பவர்கள் உண்டு. ஆறு முதல் ஒன்பது மாதத்திலேயே தின்பண்டம், உடல் உறுப்புப் பெயர்கள் சில புரிகின்றன என்று 2012இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. உணர்ச்சிச் சொற்களுக்கு இன்னும் நாளாகும். மூன்று வயதில் வீட்டில் மனநிலை பற்றிய பேச்சு நிறையக் கேட்ட பிள்ளைகள், ஆறு வயதில் அடுத்தவர் உணர்ச்சியை நன்றாக இனம் கண்டதாக உளவியலாளர் ஜூடி டன் குழு 1991இல் எழுதியது.

உணர்ச்சிக்குப் பேர் வைப்பது நமக்கு இரவல் சரக்கல்ல. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகளைப் பிரித்துப் பேர் வைத்தது தொல்காப்பியம். யார் அடித்தார், ஏன் அழுதாய் என்று அத்தை, மாமன் வரிசையில் விசாரிப்பது தாலாட்டு. அந்த விசாரணையின் இடத்தில் இன்று செல்போன். ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம் என்கிறது உலக சுகாதார அமைப்பின் 2019 வழிகாட்டுதல். நெய்தால்தான் கூலி என்ற வீட்டில் போனைக் கொடுக்கும் தாயைத் திட்டுவது சுலபம், திட்டி ஆவதொன்றுமில்லை.

விழுந்த பிள்ளைக்காகத் தரையை அடிப்பதும், “ஆம்பளப் புள்ள அழலாமா” என்பதும் அன்பில்தான் வருகின்றன. இரண்டிலும் வலி பேச்சிலிருந்து நழுவிவிடுகிறது.

1975இல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டம் எடை, சத்துமாவு என்றே மக்கள் மனதில் பதிந்திருக்கிறது. மூன்று வயதுக்குட்பட்டோருக்காக 2024இல் ஒன்றிய அரசு வெளியிட்ட ‘நவசேதனா’ என்ற வளர்ப்பு வழிகாட்டியில் 140 செயல்பாடுகள் உள்ளன. ஆனால் அந்த வயதுப் பிள்ளை மையத்தில் இல்லை, வீட்டில் இருக்கிறது. பணியாளர் வீடு தேடி வரும் நாளில், எடை பார்த்த கையோடு தூளிப் பக்கம் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, பிள்ளையிடம் பேசிக் காட்டச் சொல்லி ஓர் உத்தரவு போடட்டும் அரசு.