லக்ரோசில் என் முதலிடம்

லக்ரோசின் தலைசிறந்த வீரர்கள் யார் என்று கேட்டால் கேரி கெயிற், ஜிம் பிரவுண் என்பார்கள். திறமையில் சரிதான். ஆனால் மொன்றியலில் வளரும் நாங்கள் வேறு இடத்தில் தொடங்க வேண்டும்.

மேர்சியர் பாலம் தாண்டினால் ககனவாகே. இந்த விளையாட்டை மொன்றியல் பழகியது அங்குள்ள மோஹாக் மக்களிடம். ஆனால் 1867இல் விதிகளை எழுதிய மொன்றியல் பல் மருத்துவர் ஜோர்ஜ் பியர்ஸைத்தான் ‘லக்ரோசின் தந்தை’ என்கிறார்கள். 1880இல் தேசியச் சங்கம் அமெச்சூர் வீரர்களுக்கு மட்டும் என்றானது. பயணச் செலவுக்காகக் காசு வாங்கி ஆடிய பழங்குடி வீரர்கள் வெளியே தள்ளப்பட்டார்கள். சொல்லித் தந்தவர்களுக்கே இடமில்லை!

2010இல் மன்செஸ்ரரில் உலகக் கிண்ணம். மோஹாக் உட்பட ஆறு இனங்களின் இரொக்குவா அணி, தங்கள் சொந்தக் கடவுச்சீட்டில்தான் போவோம் என்று நின்றது. பிரிட்டன் அதை ஏற்கவில்லை. கனடா, அமெரிக்கக் கடவுச்சீட்டில் போயிருக்கலாம், போகவில்லை. அடுத்த உலகக் கிண்ணத்தில், 2014இல், வெண்கலம் வென்றார்கள்.

கோல் கணக்கு வீரரைக் காட்டும். யாருக்காக ஆடுகிறோம் என்பதை விட்டுக்கொடுக்காதவர்கள் விளையாட்டையே காப்பாற்றுகிறார்கள். ‘நீ எந்த நாடு?’ என்ற கேள்வியோடு வளரும் எங்களுக்கு இது விளங்கும். என் முதலிடம், மன்செஸ்ரரில் ஆடாத அந்த அணிக்கு.