கல்லடியும் கண்ணடியும்

"கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது" என்று நம் பாட்டிமார்கள் சொல்வது வழக்கம். அவர்கள் காலத்தில் வாசலில் மோட்டார் நின்றதில்லை. புதுக் கார் வாங்கியவர்களை இன்று கேட்டால் பழமொழியைத் தலைகீழாகப் புரட்டிச் சொல்வார்கள். கண்ணடிக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டிவிடலாம். கல்லடிக்கு எதைக் கட்டுவது?

சேலத்திலிருந்து ஒரு தம்பதி நமக்குச் சேர்ந்து ஒரு கடிதம் எழுதியிருக்கிறார்கள். சேர்ந்து எழுதினார்களே தவிர, சேர்ந்து அபிப்பிராயப்படவில்லை. மே மாதத் திருவிழாவுக்குச் சேர்வராயன் கோயில் போய்விட்டு, காப்பித் தோட்டங்களுக்கு நடுவே ஒரு ஜல்லிப் பாதையில் புகுந்து திரும்பியிருக்கிறார்கள். வீட்டில் வந்து பார்த்தால் காரின் முகத்தில் ஏழு இடங்களில் வர்ணம் பெயர்ந்திருக்கிறது. வண்டி முழுவதற்கும் ஒளி புகும் பிளாஸ்டிக் தோல் ஒன்றைப் போர்த்திவிட வேண்டும் என்கிறார் கணவர். அதற்கு லட்ச ரூபாய்க்கு மேல் கேட்கிறார்களாம். "அந்தப் பணம் பெண்ணின் காலேஜ் சம்பளம்" என்கிறார் மனைவி. தீர்ப்பு நம்மிடம் வந்திருக்கிறது.

தீர்ப்புக்கு முன் சாட்சிகளை விசாரிப்போம். முதல் சாட்சி, கல்.

சேர்வராயன் மலை பெரும்பாலும் ஒரே ஜாதிப் பாறையால் ஆனது. பூகர்ப்ப சாஸ்திரிகள் அதைச் 'சார்னோக்கைட்' என்கிறார்கள். கல்கத்தாவில் ஜாப் சார்னக் என்ற கும்பினி உத்தியோகஸ்தரின் சமாதிக்கல் இந்த ஜாதியைச் சேர்ந்தது. அதைப் பரிசோதித்த ஹாலந்து என்ற ஆங்கிலேயர் 1893-இல் அந்தப் பெயரைச் சூட்டினார். சமாதிக்கல் போனது சென்னைப் பக்கத்திலிருந்து. பெயர் மட்டும் கல்கத்தாவிலிருந்து வந்து நம் மலைகள் மேலெல்லாம் ஏறி உட்கார்ந்துகொண்டது. போகட்டும். நமக்கு வேண்டியது அதன் கடினம். அதிலுள்ள குவார்ட்ஸ் மணிகள் கண்ணாடியையே கீறும். காரின் இரும்புத் தகடு எம்மாத்திரம்! மலையுச்சியில் கிடக்கும் செம்மண் உருண்டைகள் சாது. மோதினால் பெரும்பாலும் தாமே உடைந்து போகும். உடைத்துப் போட்ட கருங்கல் ஜல்லிதான் முரடன், முனை அதிகம்.

அடுத்த சாட்சி, பாதை. ஸ்காட்லாந்துக்காரரான மக்காடம் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில், சிறு ஜல்லிகளை அடுக்கி வண்டிச் சக்கரங்களாலேயே இறுகச் செய்யும் முறையைப் பிரபலப்படுத்தினார். மாட்டு வண்டியின் இரும்புப் பட்டை ஜல்லியை நசுக்க, அந்தத் தூளே பசையாகிப் பாதையைக் கெட்டிப்படுத்திற்று. அப்புறம் மோட்டார் வந்தது. அதன் வேகமும் ரப்பர் டயரும் அந்தத் தூளை உறிஞ்சிக் காற்றில் விட்டன. பசை போனதும் கல் தனித்து நின்றது. அதாவது, தன்மேல் எறியப்படும் கல்லைத் தயார் செய்தது மோட்டாரேதான்! மொனாக்கோவில் குக்லியெல்மினெட்டி என்ற வைத்தியர் 1902-இல் தூசியை அடக்கப் பாதையில் தார் பூசிப் பார்த்தார். 'தார் டாக்டர்' என்று அவருக்குப் பட்டப்பெயரே ஏற்பட்டுவிட்டது.

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பிரதான பாதை இன்று தார்ப்பாதைதான். அதனால் கவலையில்லை என்று நினைக்க வேண்டாம். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொன்றிலும் சக்கரங்கள் பாதையைப் பக்கவாட்டில் திருகுகின்றன. மழை நீர் தாரின் பிடியைத் தளர்த்துகிறது. பெயர்ந்த சில்லுகள் வளைவின் ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழையில் நடந்ததுபோல் மண் சரிந்தாலோ, கேட்கவே வேண்டாம். சரிவை அள்ளிய பிறகும் சிறு கற்கள் சில நாள் பாதையில் சுற்றிக்கொண்டிருக்கும். தோட்டங்களுக்குள் போகும் கிளைப் பாதைகளில் பல இன்னும் மக்காடம் காலத்திலேயே இருக்கின்றன.

மூன்றாவது சாட்சி, வர்ணம். ஃபோர்டு 1914 முதல் 1925 வரை தம் கார்களைக் கறுப்பு ஒன்றிலேயே விற்றதும், 1923-இல் 'டூகோ' என்ற சீக்கிரம் உலரும் வர்ணம் வந்து பல நிறங்களுக்கு வழி திறந்ததும் வேறொரு சமயம் பேசவேண்டிய கதை. இன்றைய காரில் தகட்டின்மேல் மின்சாரத்தால் படியவைத்த துருத்தடுப்புப் பூச்சு ஒன்று, அதன்மேல் அடிப் பூச்சு, பிறகு நிறம், எல்லாவற்றுக்கும் மேல் கண்ணாடி போன்ற பூச்சு என நான்கு அடுக்குகள் இருக்கும். நான்கையும் சேர்த்தாலும் கனம் சுமார் 100 முதல் 120 மைக்ரான்தான். செய்தித்தாளில் இரண்டு தாள்களை ஒன்றாகச் சேர்த்துப் பிடியுங்கள். அதைவிடச் சற்றுக் குறைவு. இத்தனை மெல்லிய சட்டையைப் போட்டுக்கொண்டுதான் கருங்கல்லோடு மல்லுக்கு நிற்கிறோம்.

இனிக் கணக்கு. ஜல்லிச் சில்லு ஒன்று ஒன்றரை கிராம் என்று வைத்துக்கொள்வோம். அது காரோடு 30 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால், மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து பானெட்டின்மேல் விழுந்ததற்குச் சமம். 60-இல் மோதினால் பதினான்கு மீட்டர், நாலு மாடி. 120-இல் ஐம்பத்தேழு மீட்டர். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உயரத்துக்குச் சற்றே குறைவு. வேகம் இரட்டித்தால் அடி நான்கு மடங்காகிறது என்பது பள்ளிக்கூடப் பாடம். "நாங்கள் 120-இல் போகவே இல்லையே" என்று சேலத்து நேயர் சொல்லக்கூடும். போகவேண்டியதில்லை. எதிரே 60-இல் வரும் லாரியின் டயர் தெறித்துவிட்ட கல்லும் 60-இல் போகும் உங்கள் காரும் சந்தித்தால் கணக்கு ஏறக்குறைய அதுவாகத்தான் வந்து நிற்கும். முன்னால் போகும் வண்டியை ஒட்டிப் போனாலும், அது கிளப்பிய கல் தரையில் விழுவதற்குள் நாம் அதன்கீழ் போய்ச் சேர்ந்துவிடுகிறோம்.

ஆகையால் முதல் மருந்து காசில்லாத மருந்து. ஜல்லிப் பாதையில் முப்பதுக்கு மேல் போக வேண்டாம். முன் வண்டியின் புழுதி அடங்கும் தூரம் விட்டுப் போகலாம். எதிரே வண்டி வந்தால் இன்னும் தணிந்து, இடமிருந்தால் ஓரமாக நின்றே விடலாம். ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிடுவது மலைப்பாதை மரியாதைதானே!

கடிதத்தில் இல்லாத ஒரு விஷயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். திருவிழா நாளில் மலைக் கிராமங்களிலிருந்து குழந்தையை இடுப்பில் சுமந்துகொண்டு நடந்தே வரும் ஜனங்கள் இருக்கிறார்கள். அவர்கள் போவதும் அதே பாதையின் ஓரத்தில்தான். நம் டயரிலிருந்து தெறிக்கும் கல்லுக்கு பானெட்டும் தெரியாது, குழந்தையின் கண்ணும் தெரியாது. காருக்கு நாலடுக்குச் சட்டையாவது உண்டு. நம் வர்ணம் போயிற்றே என்று கணக்குப் பார்க்கும் நாம், நம் சக்கரம் யார்மேல் எறிந்தது என்று திரும்பிப் பார்ப்பதில்லை. இது நமக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

விலைக்கு வாங்கும் மருந்துகளில் மலிவானது நான்கு சக்கரத்துக்கும் பின்னால் தொங்கும் ரப்பர் மடல். நம் முன் சக்கரம் எறியும் கல் நம் கதவின் அடிப்பகுதியிலேயே படுவதை அது தடுக்கும். பின்னால் வருகிறவருக்கும், ஓரத்தில் நடப்பவருக்கும் அது உபகாரம். மெழுகு பூசினால் பளபளக்கும், கல்லைத் தடுக்காது. 'செராமிக்' என்று பெரிய பெயரில் விற்கும் பூச்சும் சில மைக்ரான் கனமே உள்ளது. அழுக்கு ஒட்டாமல் இருக்க அது நல்லது; கல்லடிக்கு என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம்.

பிளாஸ்டிக் தோல் விஷயம் வேறு. அது பொய்யல்ல. வியட்நாம் யுத்த காலத்தில் அமெரிக்க ஹெலிகாப்டர்களின் சுழலும் இறக்கைகளை மணலிலிருந்தும் கல்லிலிருந்தும் காக்க ஒட்டிய பாலியூரித்தேன் படலத்தின் வம்சம் அது. சுமார் 200 மைக்ரான் கனம்; வர்ணத்தைவிடத் தடிமன். அடி விழுந்தால் ரப்பரைப்போல் அமுங்கிச் சக்தியைப் பரப்பிவிடும். ஆனால் கல் கூரைமேலா வந்து விழுகிறது? பானெட்டின் முன் விளிம்பு, பக்கக் கண்ணாடிகளின் முதுகு, பின் சக்கரத்துக்கு முன்னுள்ள பகுதி ஆகிய இடங்களில் ஒட்டினால் அனேகமாகப் போதும். செலவு முழுப் போர்வையில் ஒரு சிறு பங்காக இருக்கும். கூரைக்கும் டிக்கிக்கும் போர்த்துவது குடைக்கு மேல் குடை.

ஆகவே தீர்ப்பு அம்மாளுக்கே அனுகூலம். ஐயாவுக்குப் பானெட்டின் முனை மட்டும் அனுமதிக்கப்படுகிறது.

ஏற்பட்டுவிட்ட ஏழு புள்ளிகளில் நான்கு பம்பரில் என்று எழுதியிருக்கிறார்கள். பம்பர் பிளாஸ்டிக், துருப்பிடிக்காது, விட்டுவிடலாம். பானெட்டில் உள்ள மூன்றையும் பகல் வெளிச்சத்தில் உற்றுப் பார்க்க வேண்டும். உள்ளே வெள்ளையோ சாம்பல் நிறமோ தெரிந்தால் அடிப் பூச்சு பிழைத்திருக்கிறது, அவசரமில்லை. உலோகம் பளிச்சிட்டாலோ, பழுப்பு தட்டியிருந்தாலோ தாமதிக்கக் கூடாது. துரு வர்ணத்தின் அடியில் ஒளிந்து பரவும். புள்ளியைக் கழுவி, நன்றாக உலரவிட்டு, துரு இருந்தால் மெல்லத் தேய்த்து எடுத்துவிட்டு, முதலில் பிரைமர் ஒரு துளி வைக்க வேண்டும். அது காய்ந்தபின் நிறத்தை இரண்டு மூன்று முறை மெலிதாகத் தொட்டு வைக்கலாம். நிறத்தின் எண் வண்டியில் ஒட்டியுள்ள சிறு தகட்டில் இருக்கும். அதைக் காட்டினால் சிறு குப்பியில் கொடுப்பார்கள். ஒரு பல்குத்தும் குச்சி போதும், பிரஷ் வேண்டியதில்லை. ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிடுவது நல்லது.